பெயர் நம்முடையது, பதிவு யாருடையது?

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில், அலுவலகக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

வெள்ளி விழா மேடையில் பேசுவதற்கு உகந்த பொருள்கள் எத்தனையோ இருக்க, இணையத்தில் பதிவு செய்யும் பெயரைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கான காரணம் உங்கள் கையில் உள்ள விழா அழைப்பிதழிலேயே இருக்கிறது. அதன் அடியில் அச்சாகியிருக்கும் வலைத்தள முகவரியை ஒருமுறை பாருங்கள். நீங்கள் பல ஆண்டுகளாகப் பழகிய முகவரி அன்று அது. அந்தப் பழைய முகவரி நம் கையைவிட்டுப் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்பதை மறைக்காமல் உங்கள்முன் வைப்பது எங்கள் கடமை என்று கருதினோம்.

நம் வலைத்தளத்தைத் தொடங்கியபோது சங்கத்தில் கணினி அறிந்தவர் ஒருவரோ இருவரோதாம். கணினி மையம் நடத்திவந்த நம் உறுப்பினர் ஒருவர், தம் கைப்பணத்தைப் போட்டுப் பெயரைப் பதிவு செய்து, பக்கங்களையும் அமைத்துத் தந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பதிவு அவர் பெயரில் நின்றது. தொடர்புக்குத் தரப்பட்ட மின்னஞ்சலும் அவருடைய மையத்தினுடையது. பின்னர் மையம் மூடப்பட்டது. அவர் பிழைப்புக்காக வளைகுடா நாட்டிற்குச் சென்றார். ஆண்டுக் கட்டணம் கேட்டு வந்த நினைவூட்டல்கள் யாவும் திறப்பார் இல்லாத அஞ்சற்பெட்டியில் போய் விழுந்தன. ஒரு நாள் காலை, கல்வி உதவித்தொகை அறிவிப்பைப் பார்க்க முயன்ற மாணவி ஒருத்தி, அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வருகிறது என்று அலுவலகத்திற்குத் தொலைபேசியில் சொன்னாள். நாங்கள் முதலில் நம்பவில்லை. பார்த்தபோது அவள் சொன்னதே உண்மையாக இருந்தது. உதவித்தொகை விண்ணப்பத்திற்குரிய கடைசி நாளை நம் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்த மூவர், நாள் கடந்த பின்னரே அலுவலகப் படியேறினர். அவர்களுள் இருவருக்குச் சங்க நிதியிலிருந்து அவ்வாண்டுக் கட்டணத்தைக் கட்டினோம். மூன்றாமவர் அவ்வாண்டு கல்லூரியில் சேரவில்லை.

பெயரை மீட்க எங்களால் இயன்றதெல்லாம் செய்தோம். சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், பொதுக்குழுத் தீர்மானம், வலைத்தள முகவரி அச்சான பழைய கடிதத்தாள் ஆகிய அனைத்தையும் அனுப்பினோம். பெயரை விற்ற நிறுவனத்திலிருந்து நாகரிகமான மொழியில் ஒரு பதில் வந்தது. எங்கள் ஏட்டில் உங்கள் சங்கத்தின் பெயர் எங்கும் இல்லை என்பதே அதன் சாரம். அவர்கள் கூறியதில் பொய்யில்லை. பெயர் நம்முடையது என்று இத்தனை ஆண்டுகளாக நாம் எண்ணியிருந்தோம். ஏடு வேறொன்றைச் சொல்லியது.

இந்த இடத்தில் இப்பெயர்களின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. டொமைன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இணையப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு உண்டு. டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் என்பன போன்றவை அவை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒரு தலைமை ஏடு. அந்த ஏட்டை வைத்திருக்கும் நிறுவனத்தைப் பதிவகம் என்போம். டாட் காம் ஏட்டை வைத்திருப்பது அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் உள்ள வெரிசைன் நிறுவனம். டாட் இன் ஏட்டை வைத்திருப்பது நம் நாட்டின் நிக்சி என்னும் அமைப்பு. பதிவகத்திற்கும் நமக்கும் நடுவே பெயரை விற்கும் முகவர் இருக்கிறார், அவர் பதிவாளர். காசு கொடுத்துப் பெயரை எடுப்பவர் பதிவுதாரர். ஆண்டுதோறும் நாம் கட்டும் கட்டணம் விலை அன்று, குத்தகை. ஒரே தவணையில் 10 ஆண்டுகளுக்குக் கட்டலாம். அதற்குமேல் கட்ட வழியில்லை. என்றென்றைக்கும் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் இந்தத் துறையில் கிடையாது.

நிலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிறது. பதிவு செய்தமையால் நிலம் அந்த அலுவலகத்திற்குச் சொந்தமாகிவிடுவதில்லை. ஏடு தீப்பற்றி எரிந்தாலும் வரப்பும் கிணறும் அங்கேயே இருக்கும். உழுதவன் உழுதவன்தான் என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பர். இணையப் பெயருக்கோ ஏட்டிற்கு வெளியே நிலமே இல்லை. ஏட்டில் எழுதப்பட்ட அந்த ஒரு வரியே பொருள். வரியை அழித்தால் பொருளும் அழிந்தது. ஆதலால் ஏடு வைத்திருப்பவர் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது பதிவுதாரருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது, வழக்கறிஞர்கள் மட்டும் தமக்குள் பேசிக்கொள்ளும் கேள்வியாக இருக்க முடியாது.

நம்முடையது கட்டணம் கட்டாமல் இழந்த கதை. முறையாகக் கட்டணம் கட்டி, தம் பெயரிலேயே பதிவும் வைத்திருந்தவர்களிடமிருந்து பதிவகமே பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்ட வரலாறுகளும் உண்டு. அவற்றுள் பெரியது ஐரோப்பாவில் நிகழ்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்திற்கென டாட் இ.யூ. என்று ஒரு முடிவு உண்டு. 2006 ஏப்ரலில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் ஏட்டை வைத்திருப்பது பெல்ஜியத்தில் உள்ள யூரிட் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம். ஒன்றியத்திற்குள் குடியிருப்போரும், ஒன்றியத்திற்குள் நிலைகொண்ட நிறுவனங்களும் மட்டுமே அப்பெயரைப் பெறலாம் என்று 2002-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி கூறியது. பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்தது. கடைக்காரர்களும் சங்கங்களும் தனிமனிதர்களும் அங்கே அப்பெயர்களைப் பதிவு செய்தனர். அத்தகைய பெயர்கள் 3 இலட்சத்திற்கும் மேல் இருந்தன. அவர்களுள் எவரும் பொய் சொல்லிப் பதிவு செய்யவில்லை. பதிவு செய்த நாளில் முழுத் தகுதியோடு பதிவு செய்தவர்கள் அவர்கள்.

2016 ஜூன் 23 அன்று ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவது என்று பிரிட்டன் மக்கள் வாக்களித்தனர். 2018 மார்ச் 28 அன்று ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வெளியேறும் நாள் முதல் பிரிட்டனில் இருப்போர் டாட் இ.யூ. பெயரைப் புதிதாகப் பதியவும் முடியாது, பழையதைப் புதுப்பிக்கவும் முடியாது என்றது அவ்வறிவிப்பு. அதோடு நிற்கவில்லை. தகுதி இழந்தவர்களின் பெயரைப் பதிவகம் தானாகவே நீக்கலாம்; அதற்காக எந்தத் தகராறு தீர்க்கும் அமைப்பின்முன்னும் போக வேண்டியதில்லை என்றும் சொன்னது. அந்த வாசகம் புதிதாகப் புனையப்பட்டதன்று. 2004-ஆம் ஆண்டின் விதியில் அது முன்னமே எழுதப்பட்டிருந்தது. பதிவு செய்த நாளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? நாங்களும் எங்கள் ஒப்பந்தத்தைப் படித்ததில்லை என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளியேறும் நாள் பலமுறை தள்ளிப்போயிற்று. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது; இடைக்கால ஏற்பாடு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதற்குள் பெயரைக் காத்துக்கொள்ள விரும்பியவர்கள் தம் தகுதியைக் காட்டியாக வேண்டும். ஒன்றியத்திற்குள் கிளை உள்ள நிறுவனம் அக்கிளையின் முகவரிக்குப் பதிவை மாற்றிக்கொள்ளலாம். ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை உடையவர், எந்நாட்டில் வாழ்ந்தாலும் அதைச் சொல்லித் தக்கவைத்துக்கொள்ளலாம். 2019-ஆம் ஆண்டு வந்த புதிய விதி இந்த வாயிலைத் திறந்துவிட்டிருந்தது. முன்பு குடியிருப்பு மட்டுமே கணக்கில் இருக்க, இப்போது குடியுரிமையும் கணக்கில் வந்தது. ஆகவே டப்ளினில் ஓர் அலுவலகம் வைக்க வசதியுள்ளவருக்கு வழி இருந்தது. லண்டனில் ஒரே கடை வைத்து, வேறு குடியுரிமையும் இல்லாதவருக்கு வழி இல்லை. விதி எல்லார்க்கும் ஒன்றுபோல் எழுதப்பட்டிருந்தாலும், அதன் சுமை எல்லார் தலையிலும் ஒன்றுபோல் இறங்குவதில்லை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2021 ஜனவரி 1 அன்று ஏறத்தாழ 80,000 பெயர்கள் முடக்கப்பட்டன. முடக்கம் என்றால் வலைத்தளம் வராது, மின்னஞ்சல் போகாது. பெயர் ஏட்டில் இருக்கும், ஆனால் பேசாது. இந்த நிலையில் அவை அவ்வாண்டு முழுதும் வைக்கப்பட்டன. தகுதியை மெய்ப்பித்தவர்களுக்குப் பெயர் மீண்டும் உயிர் பெற்றது. எஞ்சியவை 2022 ஜனவரியில் அடியோடு நீக்கப்பட்டு, தகுதியுள்ள வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்டன. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு பழகிய பெயர் வேறொருவர் கைக்குப் போகலாம். பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வரும் கடிதங்களும் அவரிடமே போய்ச் சேரலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று முழங்கிய பிரசார இயக்கம் ஒன்று, அந்த டாட் இ.யூ. முடிவையே தன் பெயராக வைத்திருந்தது. பதிவை அயர்லாந்துக்கு மாற்றிப் பார்த்தும் 2021 ஜனவரியில் அதன் தளமும் மறைந்தது.

யூரிட் நிறுவனம் செய்தது நீதியா என்று எங்கள் குழுவிலேயே வாதம் நடந்தது. நீதி அன்று என்பதே எங்களுள் பலரின் கருத்து. தகுதி உள்ள நாளில் பெற்ற உரிமையை, பெற்றவன் எத்தவறும் செய்யாதபோது, நாட்டின் எல்லை மாறியதைக் காட்டிப் பறிப்பது கொடிது. பழையவர்களை இருந்தபடி இருக்கவிட்டு, புதிதாக வருபவர்களை மட்டும் தடுத்திருக்கலாம். எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் அறிவிப்புக்கும் முடக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் இருந்தது. மின்னஞ்சல் வழியே பதிவுதாரருக்கு எச்சரிக்கை போயிற்று. காரணம் சொல்லப்பட்டது. முடக்கியபின் மேலும் ஓராண்டு பொறுத்தனர். பொருளை எடுத்துக்கொண்டார்கள்; ஆனால் இருட்டில் எடுத்துக்கொள்ளவில்லை.

இருட்டில் எடுத்த கதையும் உண்டு. லிபியா நாட்டின் முடிவு டாட் எல்.ஒய். அது ஆங்கிலச் சொற்களின் ஈறுபோல ஒலிப்பதால் உலகெங்கும் பலர் அதை விரும்பி வாங்கினர். நீண்ட முகவரிகளைச் சுருக்கித் தரும் வி.பி. டாட் எல்.ஒய். என்னும் சிறு சேவை அவற்றுள் ஒன்று, அமெரிக்காவிலிருந்து நடத்தப்பட்டது. 2010-ஆம் ஆண்டு லிபியப் பதிவகம் அதனை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. தளத்தின் உள்ளடக்கம் லிபியாவின் சட்டத்திற்கும் சமய நெறிக்கும் ஒவ்வாதது என்பது சொல்லப்பட்ட காரணம். தங்களுக்கு முன்னறிவிப்பு வரவில்லை என்றும், சேவை நின்ற பின்னரே விசாரித்து அறிந்தோம் என்றும் அதை நடத்தியவர்கள் அறிவித்தனர். முறையீடு செய்ய வேண்டுமானால் எந்த நீதிமன்றத்திற்குப் போவது? அழகுக்காக எடுத்த இரண்டெழுத்துக்குப் பின்னால் ஒரு நாடும் அதன் சட்டமும் நிற்கின்றன என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. 2024 பிப்ரவரியில், தாலிபான் ஆட்சியின்கீழ் உள்ள ஆப்கானிஸ்தான், டாட் ஏ.எப். முடிவில் பால்புதுமையர் நடத்திவந்த சமூகத் தளம் ஒன்றின் பெயரை முடக்கியபோது அதே பாடம் மீண்டும் படிக்கப்பட்டது.

நாடுகளின் முடிவுகள்தாம் ஆபத்து, டாட் காம் பாதுகாப்பு என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2010 நவம்பரில் அமெரிக்க அரசு, பதிப்புரிமை மீறல் என்ற குற்றச்சாட்டின்பேரில், ஹிப்-ஹாப் இசையைப் பற்றி எழுதிவந்த ஒரு தளத்தின் டாட் காம் பெயரைக் கைப்பற்றியது. ஓராண்டுக்கு மேல் பெயர் அரசின் கையில் இருந்தது. காலநீட்டிப்பு ஆணைகள் முத்திரையிட்ட உறைக்குள் இருந்தன. தளத்தாரின் வழக்கறிஞருக்கே அவை காட்டப்படவில்லை. கடைசியில் 2011 டிசம்பரில், வழக்கு எதுவும் தொடுக்காமலே பெயரைத் திருப்பிக் கொடுத்தனர். ஓராண்டுக் காலம் வாயடைத்துக் கிடந்ததற்கு யார் பதில் சொல்வது? டாட் காம் ஏடு விர்ஜீனியாவில் இருப்பதால், எந்நாட்டார் எடுத்த டாட் காம் பெயரும் அந்நாட்டு நீதிமன்ற ஆணைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இளைஞர்கள் தனியே கவனிக்க வேண்டிய ஒன்று, இலவசப் பெயர். டாட் டி.கே., டாட் எம்.எல்., டாட் ஜி.ஏ. என்று முடியும் பெயர்களைப் பிரீநாம் என்ற நிறுவனம் காசில்லாமல் கொடுத்துவந்தது. நம் கல்லூரி மாணவர்கள் பலர் பயிற்சிக்காக அவற்றை எடுத்ததை நாங்கள் அறிவோம். இலவசமாகப் பெற்றவர் அங்கே பதிவுதாரரே அல்லர், நிறுவனமே பதிவுதாரர். பெற்றவருக்கு இருந்தது பயன்படுத்தும் அனுமதி மட்டும். காபோன் நாடு 2023 ஜூனில் தன் டாட் ஜி.ஏ. முடிவை அந்நிறுவனத்திடமிருந்து மீட்டுக்கொண்டபோது, 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அவற்றை வைத்திருந்தவர் யார் என்ற விவரம் புதிய பதிவகத்திற்குக் கொடுக்கப்படவில்லை. யாரென்றே தெரியாதவருக்கு எப்படி அறிவிப்புத் தருவது? 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நிறுவனம் இத்தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. நம் சங்கத்திற்கு நேர்ந்ததும் அடிப்படையில் இதுவே. ஏட்டில் பெயர் இல்லாதவன் இழப்பைக் கணக்கில் எழுதக்கூட ஆள் இல்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது? சுருக்கமாகச் சொல்லி மேலே செல்வோம். இணையப் பெயரமைப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ஜான் போஸ்டல், 1994-ஆம் ஆண்டு எழுதிய வழிகாட்டுக் குறிப்பில், முடிவுகளை நிருவகிப்போர் உரிமை, உடைமை என்று பேசுவது பொருந்தாது. பொறுப்பையும் சமூகத்திற்குச் செய்யும் சேவையையும் பற்றியே எண்ண வேண்டும் என்று கருதினார். உயர்ந்த எண்ணந்தான். பிறகு பெயர்கள் கோடிக்கணக்கான பணத்திற்கு விலைபோகத் தொடங்கின. 2000-ஆம் ஆண்டில் விர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம், இணையப் பெயர் என்பது ஒரு சேவை ஒப்பந்தத்தால் விளைவது, கடனுக்காகப் பற்றி எடுக்கத்தக்க சொத்து அன்று என்றது. 2003-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், போலிக் கடிதத்தை நம்பி ஒருவர் பெயரை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்த வழக்கில், அது திருடப்படக்கூடிய சொத்தே என்றது. 2007-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை பாதுகாக்கத்தக்க உடைமை என்று ஏற்றது. நம் உச்ச நீதிமன்றம் 2004-இல் சத்யம் இன்போவே வழக்கில், வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால், பிறர் நம் பெயரைக் களவாடினால் நீதிமன்றம் நம் பக்கம் நிற்கக்கூடும். ஆனால் ஏடு வைத்திருப்பவரே ஒப்பந்தத்தைக் காட்டி எடுத்துக்கொண்டால், நம் கையில் இருப்பது அந்த ஒப்பந்தம் ஒன்றுதான்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். டாட் காம் போன்ற பொது முடிவுகளுக்கு ஐகான் என்னும் உலக அமைப்பின் விதிகள் உண்டு. பதிவுக் காலம் முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். முடிந்தபின் ஐந்து நாளுக்குள் இன்னொன்று அனுப்ப வேண்டும். ஏட்டிலிருந்து நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அபராதம் கட்டிப் பதிவுதாரர் மீட்கலாம். வணிகக் குறி உடையவர் நம் பெயர்மீது புகார் கொடுத்தால், பதிலளிக்க 20 நாள் உண்டு. தீர்ப்பு நமக்கு எதிராக வந்தாலும் 10 வேலைநாள் பொறுத்திருந்துதான் பெயரை மாற்றுவார்கள்; அதற்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால் மாற்றம் நிற்கும். இவை நல்ல விதிகள். ஆனால் அதே ஒப்பந்தச் சங்கிலியில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. சட்டத்திற்கு இணங்கவும், ஏட்டின் உறுதியைக் காக்கவும், தானோ பதிவாளரோ செய்த பிழையைத் திருத்தவும் எப்பெயரையும் மறுக்கவோ முடக்கவோ நீக்கவோ பதிவகத்திற்கு அதிகாரம் உண்டு என்கிறது அது. பிழை அவர்களுடையது, பெயர் போவது நம்முடையது! இந்த வாசகத்தின்கீழ் எடுக்கப்படும் பெயருக்கு அந்த 10 நாள் பொறுமை எழுதப்படவில்லை. மேலும், இந்தப் பொது விதிகள் நாடுகளின் முடிவுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே அந்தந்தப் பதிவகம் எழுதியதே விதி.

பதிவகத்திற்கு இந்த அதிகாரமே கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. உதவித்தொகை தருவதாகப் போலித் தளம் அமைத்து, நம் பிள்ளைகளின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் வாங்கி ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. அத்தகைய பெயரை ஒரே மணி நேரத்தில் முடக்க வேண்டும் என்றே நாமும் கேட்போம். அதற்கு மூன்றாண்டு அறிவிப்புக் கொடுங்கள் என்று எவரும் வாதிட மாட்டார். முடக்குவது வேறு, பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது வேறு. முடக்கியதை விசாரித்துத் திருப்பிக் கொடுக்கலாம். கைமாறிய பெயரைத் திருப்புவது அரிது. அறிவிப்பு, காரணம், கால அவகாசம், மறுத்துப் பேச ஓர் இடம் ஆகிய நான்கையும் கொடுக்கும் ஏடு எது, கொடுக்காத ஏடு எது என்று பார்த்துத்தான் முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது, கிணறு இருக்கிறதா என்று கேளாமல் வீட்டின் வண்ணத்தைப் பார்த்து வாடகைக்குப் போவது போன்றது.

இதையெல்லாம் விவாதித்த பின்னரே புதிய பெயரை டாட் இன் முடிவில் எடுத்தோம். அது பறிபோகாது என்ற நம்பிக்கையால் அன்று. நிக்சிக்கும் நீக்கும் அதிகாரம் உண்டு. அரசின் ஆணைக்கு அதுவும் கட்டுப்பட்டது. ஆனால் அங்கே பெயர்த் தகராறு வந்தால், 2005-ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள கொள்கையின்படி நடுவர் ஒருவர் விசாரிக்கிறார். அவர் தீர்ப்பு 1996-ஆம் ஆண்டின் நடுவர் சட்டத்திற்கு உட்பட்டது. அதை எதிர்த்து நம் நாட்டு நீதிமன்றத்திற்குப் போகலாம். டெல்லி தொலைவுதான். ஆயினும் ரயிலேறினால் போய்ச் சேரக்கூடிய இடம்; நம் அரசியல் சட்டம் செல்லுபடியாகும் இடம். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரையும் எடுக்கலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல யோசனை, அடுத்த ஆண்டு வரவு செலவில் பார்ப்போம் என்று ஒத்திவைத்திருக்கிறோம்.

புதிய பெயர் தனிமனிதர் எவர் பெயரிலும் இல்லை. சங்கத்தின் பெயரில், சங்கத்தின் பதிவு எண்ணோடு இருக்கிறது. தொடர்பு மின்னஞ்சல் அந்தப் புதிய பெயரிலேயே முடிவதாக இருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டோம். பெயர் முடங்கினால் அந்த மின்னஞ்சலும் முடங்கும், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேராது. எனவே வேறொரு பொதுச் சேவையில் அலுவலக முகவரி வைத்து, செயலாளரும் பொருளாளரும் இருவருமே அதைத் திறக்குமாறு செய்திருக்கிறோம். தொடர்பு விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு மடல் வரும். பொது முடிவுகளில் 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் பெயரையே முடக்கிவிடலாம் என்று விதி இருப்பதால், எந்த முடிவாயினும் அத்தகைய மடலை ஏமாற்று மடல் என்று தள்ளிவிடாமல் அலுவலகத்தில் காட்ட வேண்டும். கட்டணம் ஐந்தாண்டுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. முடியும் தேதி பொதுக்குழு நடவடிக்கைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், கட்டட வரித் தேதிக்கு அடுத்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது. தளத்தின் பக்கங்கள் முழுவதும் ஒரு பிரதியாக அலுவலகப் பீரோவில் உள்ளன. பழைய தளத்தில் இருந்த முன்னாள் மாணவர் பட்டியலுக்கு அப்படிப் பிரதி இல்லாமல் போயிற்று. 212 பேர் விவரத்தை மீண்டும் சேர்த்திருக்கிறோம். இன்னும் வர வேண்டியவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள்.

பழைய முகவரியில் இன்றும் சூதாட்ட விளம்பரந்தான் வருகிறது. நாம் அச்சிட்ட வழிகாட்டி நூல்கள் பல பள்ளிகளின் நூலகங்களில் அந்த முகவரியோடு கிடக்கின்றன. சில ஊர்ப் படிப்பகங்களின் சுவரிலும் அது வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வாயிலருகே உள்ள மேசையில், புதிய முகவரி அச்சிட்ட ஒட்டுச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறோம். ஊருக்குத் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு கட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த ஊரில் எத்தனை இடத்தில் ஒட்டினீர்கள் என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அலுவலகத்திற்கு அனுப்பினால் போதும்.